நாற்பது டிகிரி

ஆரம்பாக்கத்தில் ஏறினால் அடுத்தது தடா.
இடையில் ஒரு மாநிலம் மாறுகிறது,
யாரும் தலை நிமிர்வதில்லை.
செல்போன் மட்டும் ஒருமுறை உதறிக்கொண்டு
ஆந்திராவுக்கு நல்வரவு சொல்லும்.

எம்.ஃபார்ம் முடித்தவள் நான்.
எனக்கு இரண்டு டிகிரி,
நான் காவல் காக்கும் அறைக்கு நாற்பது.
ஈரப்பதம் எழுபத்தைந்து.
மே மாதத்து ஆரம்பாக்கம் இதைவிட மோசம்,
அதற்கு யாரும் கிராஃப் போடுவதில்லை.

அட்டை அட்டையாய் மாத்திரைகளை அடுக்கி
ஆறு மாதம் வேக வைக்கிறோம்.
முதல் மாதம் எடுத்துப் பார்ப்பேன்,
பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம்.
நிறம் மங்கியதா,
விளிம்பு உதிர்ந்ததா,
கரைய வேண்டிய நேரத்துக்குள் கரைந்ததா.
தாக்குப்பிடித்தால்
அட்டையின் ஓரத்தில் ஒரு தேதி அச்சாகும்.
கடுகளவு எழுத்து.
அதற்குள் எத்தனை இரவு ஷிஃப்ட் என்று
பெஞ்சலய்யா ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார்.
மறந்துவிட்டேன்.

கூடப் படித்த கோட்டீஸ்வரன்
கழுத்தில் டையோடு
நாயுடுப்பேட்டை டாக்டர் வீட்டு வாசலில்
நோயாளிகளின் செருப்பை எண்ணிக்கொண்டிருக்கிறான்.
ஜெரினா தரமணியில்.
எந்த நாட்டிலோ யாருக்கோ வாந்தி,
யாருக்கோ தோலில் தடிப்பு,
மருந்தால் வந்ததா என்று விடிய விடிய
கட்டங்களில் டிக் அடிக்கிறாள்.
எப்படியிருக்க என்றேன்.
"முடி கொட்டுது. வேலையோட தொடர்பு: இருக்கலாம்.
வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க. தொடர்பு: மதிப்பிட இயலாது."
பிஎச்.டி. போன ஒருத்தி
எலிகளைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

எனக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு.
கடைத்தெருவில் முனிரத்தினம் மெடிக்கல்ஸில்
சுவரில் தொங்குவது.
பதிவுச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டம்,
இருபத்திரண்டு வயது முகம்.
மாதம் நாலாயிரம் வாடகை.
எம்.ஃபார்ம் ஃபீஸில் பாதியை
அந்த ஆணிதான் கட்டியது.
நான் தடாவில் இருக்கும்போதும்
அவள் அங்கே இருக்கிறாள்,
காலை எட்டு முதல் இரவு பத்து வரை,
ஊர்க் காய்ச்சலையெல்லாம் பார்த்தபடி.

போன வியாழன் தலைவலி.
ரயிலை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போனேன்.
எனக்கு முன்னால் ஒரு பெரியவர்,
சர்க்கரை மாத்திரை நாலு கேட்டார்.
கடைப்பையன் சாரங்கன்
கத்தரிக்கோலால் அட்டையை வெட்டினான்.
நாலு மாத்திரை அவர் கைக்கு,
தேதி இருந்த துண்டு டிராயருக்கு.

"தம்பி, தேதி?"
"அதெல்லாம் ஃபார்மசிஸ்ட் மேடத்தைத்தான் கேக்கணும்."
"எங்க அவங்க?"
"இப்பதான் சாப்பிடப் போனாங்க."
அவன் தலைக்கு மேல் நான்,
சாப்பிடாமல்,
சிரிக்காமல்,
பாஸ்போர்ட் சைஸில்.

பையில் மருந்து ஆய்வாளர் தேர்வுக்கான விண்ணப்பம்,
பாதி நிரப்பியது.
வேலை கிடைத்தால்
முதல் ரெய்டு எங்கே என்று
அன்றிரவு யோசித்துப் பார்த்தேன்.
தலைவலி போகவில்லை.

காலையில் கடை திறந்ததும் நின்றேன்.
முனிரத்தினம் ஐயாயிரம் என்றார்,
பிறகு ஆறு.
பிறகு ஸ்டூலைத் தானே எடுத்துப் போட்டார்.
சுவரில் வெளுப்பாக ஒரு செவ்வகம் மிச்சம்.
அடுத்த வாரத்துக்குள் யாராவது வந்து தொங்குவார்கள்,
எனக்குத் தெரியும்,
என் பேட்ச்சிலேயே மூன்று பேர் கேட்டுவைத்திருக்கிறார்கள்.

வீட்டில் வைத்துவிட்டு வர நேரமில்லை.
மடியில் சட்டத்தோடு ரயிலில் உட்கார்ந்தேன்.
எல்லைக்கு அந்தப் பக்கம் அது செல்லாது,
கண்ணாடி மட்டும் செல்லும்.

எதிரே மீன்கூடைக்காரம்மா
போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
ஒரே ஜாடை.
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"எப்பம்மா தவறிப்போச்சி?"

ஆறு மாசம் வெச்சுப் பாத்தாதான் தெரியும்
என்று வாய்வரை வந்தது.
தடா வந்துவிட்டது.
"கூடையை கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றேன்.